கிழக்கு ஆசியக் கலை வரலாற்றை அறிமுக மாணவர்களுக்கு எங்கிருந்து தொடங்கிக் கற்பிப்பது?

கேள்வி: வார்ப்புக்காரி

வணக்கம். நான் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றின் கலை வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். என் ஆய்வுப் பொருள் சோழர் காலச் செப்புத் திருமேனிகள். எங்கள் துறையில் இந்தியாவும் சீனாவும் கொரியாவும் ஜப்பானும் ‘ஆசியக் கலை’ என்ற ஒரே பிரிவுக்குள் அடங்குவதால், வரும் பருவத்தில் கிழக்கு ஆசியக் கலை வரலாற்று அறிமுகப் பாடத்துக்கு என்னைத் துணை ஆசிரியராகப் போட்டிருக்கிறார்கள். விரிவுரைகளைப் பேராசிரியர் நிகழ்த்துவார்; வாரந்தோறும் நடக்கும் கலந்துரையாடல் வகுப்பை நான் நடத்த வேண்டும். முதுகலையில் சீன ஓவியம் பற்றி ஒரு தாளும் ஜப்பானியப் பௌத்தச் சிற்பம் பற்றி ஒரு தாளும் படித்திருக்கிறேன் என்பதைத் தவிர, இத்துறையில் எனக்கு முறையான பயிற்சி கிடையாது. சீன எழுத்துகளில் சில நூறு தெரியும். அவற்றைக் கொண்டு ஓவியத்தின் ஓரத்தில் உள்ள குறிப்பைப் படித்துவிட முடியாது.

பாடத்திட்டம் வழக்கமான முறையில் அமைந்திருக்கிறது. 14 வாரங்களில் சீனாவுக்கு எட்டு, ஜப்பானுக்கு ஐந்து, கொரியாவுக்கு ஒன்று. சீனத்தின் பழைய அரசமரபான ஷாங் காலத்து வெண்கலக் கலங்களில் தொடங்கி அரசமரபு அரசமரபாக இறங்கி வந்து, இருபதாம் நூற்றாண்டில் முடிகிறது. மாணவர்களில் பெரும்பாலோர் பொருளியல், பொறியியல், அரசியல் எனப் பிற துறைகளிலிருந்து விருப்பப் பாடமாக இதை எடுத்தவர்கள். பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிட்டுப் போய்விடுவார்கள் என்றும், ஓர் ஓவியத்தின் முன் அவர்களை நிற்க வைப்பதுதான் கலந்துரையாடல் வகுப்பின் வேலை என்றும் பேராசிரியரே சொல்கிறார். ஆனால் எங்கள் நகர அருங்காட்சியகத்தில் சில பீங்கான் கலங்களைத் தவிர வேறு மூலப் படைப்புகள் இல்லை.

எனவே இரண்டு செய்திகளை அறிய விரும்புகிறேன். விரிவுரையின் காலவரிசையை அப்படியே பின்தொடர்ந்து கலந்துரையாடலை நடத்துவதா, அல்லது சில படைப்புகளை மட்டும் தேர்ந்து அவற்றிலேயே தங்குவதா? அடுத்தது, மொழியறிவு போதாத நிலையில் ஓர் ஆசிரியர் எதுவரை பேசலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்? இத்துறையில் படித்தவர்களும் கற்பித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

மறுமொழி 1: பழைய பலகை

வணக்கம் அம்மா. அமெரிக்காவில் நெடுங்காலம் இந்தப் பாடத்தைக் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். விரிவுரை காலவரிசையில் போகட்டும். நீங்கள் அதன் பின்னாலேயே ஓட வேண்டாம். கலந்துரையாடல் வகுப்பில் ஒரு வாரத்துக்கு ஒரு படைப்பு, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் திரையில் காட்டுவதெல்லாம் படக்காட்சியே அன்றிப் பாடம் ஆகாது.

முதல் வாரத்தை உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குங்கள். திருமேனி வார்ப்பவர் முதலில் மெழுகில் உருவத்தைச் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார். ஷாங் காலத்துக் கம்மியர் வேறு வழியில் போனார்கள். களிமண்ணில் கலத்தின் மாதிரியைச் செய்து, அதன்மேல் வேறொரு களிமண் உறையை அப்பி, அந்த உறையைத் துண்டுகளாக அறுத்து எடுத்து, மாதிரியின் மேற்பரப்பைச் சீவி அதையே உட்கருவாக்கி, துண்டுகளை மீண்டும் சுற்றிப் பொருத்தி, இடைவெளியில் வெண்கலத்தை ஊற்றினார்கள். தாவ்தியே என்னும் இருகண் முகம் அந்தக் கலங்களில் ஏன் நேர்நடுவில் பிளந்து இருபுறமும் ஒத்திருக்கிறது, ஏன் மூலைகளில் செதில் போன்ற விளிம்புகள் துருத்துகின்றன என்ற கேள்விகளை மாணவரிடம் விட்டுவிடுங்கள். அச்சுத் துண்டுகள் சந்திக்கும் கோடுகளே அலங்காரத்தின் எல்லைகளாகவும் ஆகியிருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அந்த முகத்துக்கு என்ன பொருள் என்று உடனே கேட்பார்கள். அதைச் சொல்லும் ஷாங் கால எழுத்துச் சான்று எதுவும் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். சீன மொழி தெரியாத நீங்கள் இந்த வகுப்பைச் சீனம் தெரிந்த பலரைவிட நன்றாக நடத்த முடியும் என்பது என் நம்பிக்கை.

அதே வகுப்பில் மாக்ஸ் லோரின் கதையையும் சொல்லலாம். பின்னாளில் ஹார்வர்டில் கற்பித்த அவர், 1953ஆம் ஆண்டில், அகழாய்வுச் சான்றுகளை எதிர்பார்த்துக் காத்திராமல், அலங்காரத்தின் வளர்ச்சியை மட்டும் பார்த்து இக்கலங்களை ஐந்து பாணிகளாக வரிசைப்படுத்தினார். மெல்லிய கோட்டு அலங்காரம் முந்தியது, புடைத்து எழும் உருவம் பிந்தியது என்பது அந்த வரிசையின் சாரம். பிறகு ஜெங்சோ நகரத்து அகழாய்வுகளில் ஷாங் அரசின் பிற்காலத் தலைநகரான ஆன்யாங்குக்கு முற்பட்ட அடுக்குகளிலிருந்து கலங்கள் கிடைத்தபோது, அவர் முதலில் வைத்த பாணிகள் உண்மையிலேயே முந்தியவை என்பது உறுதிப்பட்டது. ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் மாணவர்கள் பாணி ஆய்வை மந்திரம் என்று நினைத்துக்கொள்வார்கள். 1976இல் ஆன்யாங்கில் கொள்ளை போகாமல் கிடைத்த ஃபூ ஹாவ் அரசியின் கல்லறையைச் சேர்த்துக் காட்டுங்கள். அதில் 400க்கும் மேற்பட்ட வெண்கலப் பொருள்கள் இருந்தன. பலவற்றில் அவர் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது. ஒரே கல்லறைக்குள் பல வகைக் கலங்கள் சேர்ந்து கிடக்கும்போது, பாணி மாற்றத்தை ஆண்டு மாற்றமாக மட்டும் படிக்க முடியாது என்பது தெளிவாகிவிடும்.

மூலப் படைப்புகள் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். தைப்பே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தின் மிகப் பழைய ஓவியங்களையே பொதுமக்கள் எப்போதும் பார்க்க முடிவதில்லை. பட்டும் தாளும் வெளிச்சத்தில் கெடும் என்பதால் சில வாரங்கள் மட்டும் காட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் உள்ளே வைத்துவிடுகிறார்கள். ஆகையால் இத்துறையில் மூலத்தைப் பார்த்தவரும் பெரும்பாலான நேரம் அச்சுப்படியை வைத்துத்தான் வேலை செய்கிறார். தோக்கியோவின் நிகென்ஷா பதிப்பகம் அந்த ஓவியங்கள் பலவற்றை மூல அளவிலேயே அச்சிட்டிருக்கிறது. உங்கள் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் சுருள் ஓவியம் ஒன்றின் உயர்தெளிவுப் படத்தை மூல அளவில் நீளத் தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். ஜாங் செதுவான் வரைந்ததாகக் கருதப்படும் ஆற்றங்கரை நகரச் சுருள், பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருப்பது, ஐந்து மீட்டருக்கும் சற்று அதிக நீளம். உயரமோ ஒரு சாண் அளவுக்குச் சற்று மேல். அதைத் திரையில் ஒரே பட்டையாகக் காட்டினால் ஒன்றும் விளங்காது. மேசைமேல் வைத்து, வலமிருந்து இடமாக, கைகள் விரியும் அகலத்துக்கு மட்டும் திறந்து, பார்த்த பகுதியைச் சுருட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். பாலத்தின் கீழே சிக்கிக்கொள்ளும் படகு கண்ணில் படும்போது வகுப்பு தானாகவே பேசத் தொடங்கும். நான் இதைச் செய்த எல்லா ஆண்டிலும் அப்படித்தான் நடந்தது.

செங்குத்தாகத் தொங்கும் ஓவியத்துக்கு, சீனத்தின் சோங் கால ஓவியர் குவோ சி 1072இல் கையெழுத்திட்ட ‘வசந்தத்தின் தொடக்கம்’ போதும். கீழே படகிலும் கரையிலும் மனிதர்கள், நடுவில் மடிந்து எழும் பாறைகள், மேலே மூடுபனிக்குப் பின்னால் கோயில்கள். பார்ப்பவர் ஒரே இடத்தில் நிற்காமல் கண்ணாலேயே மலையேறும்படி அமைந்த ஓவியம் அது. ஒரு மணி நேரம் அதிலேயே இருங்கள்.

மறுமொழி 2: ஹான்நதிக்கரை

‘பழைய பலகை’ ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஒரு வாரம் ஒரு படைப்பு என்ற முறையில் ஓர் ஆபத்து இருக்கிறது. தேர்ந்தெடுக்கும்போது கை தானாகவே சீனத்துக்கும் ஜப்பானுக்கும் போய்விடும். நான் சியோலில் கலை வரலாறு படிக்கிறேன். 14 வாரத்தில் கொரியாவுக்கு ஒன்று என்பது உங்கள் பேராசிரியர் மட்டும் செய்வதன்று. உலகம் முழுவதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். அந்த ஒரு வாரமும் ‘சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் பௌத்தத்தைக் கொண்டு சேர்த்த பாலம்’ என்ற தலைப்பில் கழிந்துவிடும். பாலத்தின்மேல் நடந்துபோகிறவர்கள் பாலத்தைப் பார்ப்பதில்லை.

ஆகவே கொரியாவைத் தனி வாரமாக அல்லாமல், ஐயா நிறுத்திய இடத்திலிருந்தே தொடருங்கள். குவோ சியின் மலைகள் அவருக்குப் பின் சீனத்தோடு நின்றுவிடவில்லை. கொரியாவை ஆண்ட ஜோசோன் மரபின் அரசர் ஒருவரின் மகனான ஆன்பியோங் இளவரசர் குவோ சியின் பெயரில் வழங்கிய பல ஓவியங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றைப் பார்க்கும் வாய்ப்புப் பெற்றிருந்த ஓவியர் ஆன் கியோன், 1447இல் இளவரசர் தாம் கண்ட பீச் மலர்த் தோட்டக் கனவைச் சொன்னதும், அதை மூன்று நாளில் பட்டுச் சுருளில் வரைந்து முடித்தார். பாறைகள் மேகம்போல் சுழன்று எழும் விதத்தில் குவோ சியின் சாயல் யாருக்கும் தெரியும். ஆனால் வழக்கத்துக்கு மாறாக இந்த ஓவியம் இடமிருந்து வலமாக நகர்கிறது. இடக்கோடியில் இயல்பான உலகின் தாழ்ந்த குன்றுகள், நடுவில் கடக்க முடியாத பாறைகள், வலப்புறத்தில் மேலிருந்து பார்ப்பதுபோல் விரியும் மலர்த் தோட்டம். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துவிட்டு, எது பெறப்பட்டது, எது புதிதாகச் செய்யப்பட்டது என்று மாணவர்களைப் பிரிக்கச் சொன்னால், ‘தாக்கம்’ என்ற சோம்பல் சொல்லை அவர்கள் அந்தப் பருவம் முழுவதும் பயன்படுத்த மாட்டார்கள்.

அந்தச் சுருளில் ஆன்பியோங்கின் கையெழுத்தும் அக்கால அறிஞர் பலரின் பாராட்டுக் கவிதைகளும் ஒட்டப்பட்டிருக்கின்றன. 1453இல் அவருடைய அண்ணன் ஆட்சியைக் கைப்பற்றிய சதியில் இளவரசர் கொல்லப்பட்டார். ஓவியம் இன்று ஜப்பானின் தென்ரி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கொரியக் கலை மாணவர்களாகிய நாங்கள் எங்கள் பாடத்தின் மையமான ஓவியத்தைப் படியில்தான் பார்த்திருக்கிறோம். ஜோசோனுக்கு முந்திய கோரியோ காலத்துப் பௌத்த ஓவியங்களின் நிலையும் இதுவே. எஞ்சியவற்றில் மிகப் பெரும்பாலானவை ஜப்பானியக் கோயில்களிலும் அருங்காட்சியகங்களிலும் உள்ளன.

இங்கே இன்னொன்றையும் சேர்த்தாக வேண்டும். இத்துறையே எப்படி உருவாயிற்று என்பதை மாணவர்களுக்குச் சொல்லாமல் விடக்கூடாது. 1878இல் தோக்கியோ பல்கலைக்கழகத்துக்குத் தத்துவமும் அரசியல் பொருளாதாரமும் கற்பிக்க வந்த அமெரிக்கரான ஃபெனலோசாவும், அவருடைய மாணவர் ஒகாகுராவும் பழைய கோயில்களின் கலைச்செல்வங்களைப் பட்டியலிட்டார்கள். இருவருமே பின்னாளில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றினார்கள். ‘ஆசியா ஒன்று’ என்று எழுதிய ஒகாகுராவைத் தாகூரின் நண்பராக நாம் அறிவோம்; ஆனால் அந்த ஒற்றுமைக்கு ஜப்பானே களஞ்சியம் என்ற எண்ணமும் அவர் எழுத்தில் இருந்தது, பேரரசு விரிந்தபோது அந்த எண்ணம் எதற்குப் பயன்பட்டது என்பதைக் கொரியர்கள் மறக்கவில்லை. கொரியப் பழம்பொருள்களை 1902 முதல் முறையாக ஆய்வு செய்தவர் ஜப்பானியக் கட்டடக்கலை அறிஞர் செகினோ தாதாஷி. கியோங்ஜூ அருகேயுள்ள சோக்குராம் குகைக்கோயிலை 1913 முதல் 1915 வரை ஜப்பானியக் காலனி அரசு கான்கிரீட்டால் பழுதுபார்த்தது. அதற்குப் பிறகுதான் உள்ளே ஈரம் கசிந்து கற்களைக் கெடுக்கத் தொடங்கியது. ஜப்பானியரான யனாகி முனெயோஷி கொரியக் கலைப்பொருள்களை உண்மையாக நேசித்தவர், 1924இல் அவற்றுக்காக ஓர் அருங்காட்சியகத்தையே சியோலில் அமைத்தவர். ஆயினும் அந்த அழகைத் துயரத்தின் அழகு என்று அவர் சொன்னது இன்றுவரை இங்கே விவாதப்பொருளாக இருக்கிறது. ஆளப்படும் மக்களின் கலைக்கு ஆள்பவரின் அறிஞர் ஒருவர் குணம் கற்பிப்பது நமக்குப் புதிய செய்தியா என்ன? கோ யூசோப் என்ற கொரியர் அதே காலனி அரசின் பல்கலைக்கழகத்தில் அழகியலும் கலை வரலாறும் படித்து, கேசோங் அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்று, கல் கோபுரங்களைப் பற்றிய அடிப்படை ஆய்வுகளைச் செய்துவிட்டு, விடுதலைக்கு ஓராண்டு முன்பு 1944இல் இறந்துபோனார். கொரியக் கலை வரலாறு என்ற பாடம் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது என்று இங்கே சொல்வார்கள்.

இதனால்தான் காலவரிசையை முழுவதும் கைவிடாதீர்கள் என்கிறேன். எந்த ஆண்டில் யார் யாரை ஆண்டார் என்பது தெரியாத மாணவருக்கு, ஒரு பொருள் ஏன் இந்த நகரத்தில் இருக்கிறது என்ற கேள்வியே எழாது.

மறுமொழி 3: தாம்ஷுய் மாணவி

மொழி பற்றிய கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். நான் தைப்பேயில் சீன ஓவிய வரலாற்றில் முதுகலை படிக்கிறேன். இங்கே சேருவதற்கு முன்பு பேச்சுச் சீனத்தை நன்றாகவே கற்றிருந்தேன். அது விரிவுரையைப் புரிந்துகொள்ள உதவியது. ஓவியத்தின் மேலுள்ள எழுத்தைப் படிக்க இலக்கியச் சீனம் வேண்டும். அது தனி மொழிபோல் பயில வேண்டியது. அதற்கு மேல் ஓட்டெழுத்தும் முத்திரை எழுத்தும் இருக்கின்றன. ஜப்பானியக் கலையில் ஆய்வு செய்கிறவர் பழைய வளைவெழுத்தைப் படிக்கப் பழக வேண்டும். தவிர, கடந்த நூறு ஆண்டுகளில் சீன ஓவியம் பற்றி வந்த ஆய்வுகளில் கணிசமானவை ஜப்பானிய மொழியில் இருப்பதால், சீனக் கலை மாணவர் ஜப்பானியம் படிக்காமல் முனைவர் பட்டம் வரை போவது கடினம். அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுத் திட்டங்களும் பொதுவாக இதை எதிர்பார்க்கின்றன. அக்கா இத்துறைக்கு மாறும் எண்ணத்தில் இருந்தால் இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அறிமுக வகுப்புக்கு அவ்வளவும் தேவையில்லை. எழுத்துகளின் பொருளைச் சொல்ல முடியாவிட்டாலும், அவை ஓவியத்தில் எங்கே, எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு, யாருடைய உரிமையைக் காட்டுகின்றன என்பதைப் பேசலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்தை ஆண்ட சியான்லோங் பேரரசர் தம் அரண்மனைச் சேகரிப்பில் இருந்த ஓவியங்களில் முத்திரைகளை வாரி இறைத்தவர். குவோ சியின் ஓவியத்திலும் மேலே வலப்புறம் தம் கவிதையை எழுதி வைத்திருக்கிறார். ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ஒருவர் ஓவியத்தின் வானத்தில் எழுதுவதை நாம் சேதம் என்பதா, அந்தப் படைப்பின் தொடர்ச்சி என்பதா என்று கேட்டுப் பாருங்கள். அருங்காட்சியகங்கள் வெளியிட்டுள்ள மொழிபெயர்ப்பு இருந்தால் அதைக் கொடுங்கள். இல்லாத இடத்தில் ஊகித்துச் சொல்லாதீர்கள். என் கருத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டிய எல்லை அதுதான்.

மொழிபெயர்ப்பில் படிக்கத்தக்க மிகச் சிறந்த ஓவியக் குறிப்பு செஷ்ஷூவினுடையது. 1467இல் மிங் சீனத்துக்குச் சென்று 1469இல் திரும்பிய அந்த ஜப்பானியத் துறவி, 1495இல் மையைச் சிதறவிட்டதுபோல் ஒரு சிறு நிலக்காட்சியை வரைந்து சீடருக்குக் கொடுத்தார். அது இப்போது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன்மேல் தாமே எழுதிய குறிப்பில், சீனத்தில் யாரிடம் கற்றார் என்பதைச் சொல்லிவிட்டு, அங்கே போய்வந்த பிறகே தம் நாட்டு முன்னோர்களான ஜோசெட்சு, ஷூபுன் ஆகியோரின் அருமை புரிந்தது என்கிறார். குவோ சி, ஆன் கியோன், செஷ்ஷூ என்று மூன்று வாரங்களை அடுத்தடுத்து வைத்தால் மூன்று நாடுகளும் தாமாகவே வந்துவிடும்.

சீனப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும் எழுத்துப்பெயர்ப்பு முறைகளையும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். பழைய ஆங்கில நூல்களில் வேட்–ஜைல்ஸ் முறையும் புதியவற்றில் பின்யின் முறையும் இருப்பதால், ஒரே ஓவியரை இருவர் என்று நினைத்துக் கட்டுரை எழுதும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருப்பார்கள்.

படங்களுக்குத் தைப்பே அரண்மனை அருங்காட்சியகத்தின் திறந்த தரவுத் தளம், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், ஜப்பானியத் தேசிய அருங்காட்சியகங்களின் ‘கோல்பேஸ்’ ஆகியவை போதும். சுருள்களை நகர்த்திப் பார்க்க சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளம் ஒன்று இருக்கிறது. வடமேற்குச் சீனத்திலுள்ள துன்ஹுவாங் பௌத்தக் குகைகளில் முப்பதின் உட்புறத்தை 2016 முதல் இணையத்திலேயே சுற்றிப் பார்க்கலாம். துன்ஹுவாங்கை எடுக்கும்போது, 1900இல் திறக்கப்பட்ட நூலகக் குகையிலிருந்து 1907இல் ஆரல் ஸ்டைன் எடுத்துச் சென்ற ஓவியங்களில் ஒரு பங்கு புது தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். அவருடைய பயணத்துக்கு இந்திய அரசும் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் செலவு செய்ததால் வந்த பங்கீடு அது.

மறுமொழி 4: வார்ப்புக்காரி

மூவருக்கும் நன்றி. பேராசிரியரிடம் பேசி, கலந்துரையாடல் வகுப்பின் நடுப்பகுதியை குவோ சி, ஆன் கியோன், செஷ்ஷூ வரிசைக்கே ஒதுக்கிவிட்டேன்; கொரியாவுக்கு உரிய ஒரு வாரத்தைத் துறை உருவான வரலாற்றுக்கும் சோக்குராமுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். தென்கிழக்குச் சீனத்தின் பழைய துறைமுகமான குவான்சோ நகரத்தைப் பற்றியும் ஒரு வகுப்பு எடுக்கலாமா என்று கேட்டார். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும், கையுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் இந்துக் கோயில் தூண்களும் என் துறைக்கு நெருங்கியவை. எனக்கு ஆசைதான், ஆனால் சீனத்துக்குப் போனாலும் நம் ஊரையே தேடுகிறேன் என்று ஆகிவிடுமோ என்ற தயக்கமும் இருக்கிறது.

எஞ்சியிருப்பது தேர்வு. படத்தைத் திரையில் காட்டி, ஓவியர் பெயர், ஆண்டு, நாடு எழுதச் சொல்வதே இங்கே வழக்கம். அதை மாற்ற எனக்கு ஓரளவு உரிமை உண்டு. போலி ஓவியங்களைப் பற்றி அறிமுக வகுப்பிலேயே பேசலாமா என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி 5: பழைய பலகை

குவான்சோவைத் தயங்காமல் எடுங்கள். அந்தத் தூண்களில் கண்ணன் கதையைச் செதுக்கிய கை உள்ளூர்க் கல்தச்சருடையதா, வந்தவருடையதா, உருவங்களில் எது பிசகியிருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆசிரியர்கள் கிழக்கு ஆசியக் கலைத் துறைகளில் அதிகம் இல்லை. துறைமுகத்தில் பல சமயத்தாரும் கட்டிய கட்டடங்களோடு சேர்த்துக் காட்டினால், நம் ஊரைத் தேடுவதாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

தேர்வைப் பொறுத்தவரை, பெயரும் ஆண்டும் எழுதும் பகுதியைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹான்நதிக்கரை சொன்னதுபோல் அதுவும் வேண்டியதே. பெரும்பகுதி மதிப்பெண்ணை வகுப்பில் காட்டாத ஒரு படைப்புக்குக் கொடுங்கள். மாணவர் அது யாருடையது என்று சரியாகச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பகுதியைச் சேர்ந்தது, ஏறக்குறைய எக்காலம் என்று ஒரு முடிவுக்கு வந்து, கண்ணில் பட்டவற்றைக் கொண்டே அந்த முடிவை நிறுவ வேண்டும். தவறான முடிவுக்கு வந்தும் நல்ல காரணங்களை எழுதியவருக்கு, சரியான பெயரை மட்டும் எழுதியவரைவிட அதிக மதிப்பெண் போடுங்கள். இதைத் தேர்வுக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். சியோல் தேசிய அருங்காட்சியகத்தின் தியானத்தில் அமர்ந்த பொன்முலாம் வெண்கலப் போதிசத்துவரையும், கியோத்தோவின் கோரியூஜி கோயிலிலுள்ள மரச் சிற்பத்தையும் இணையாகக் காட்டுவது நான் பலமுறை பயன்படுத்திய வினா. ஒரு கால் தொங்க, விரல் கன்னத்தைத் தொட, இரண்டும் உடன்பிறந்தவைபோல் இருக்கும். மரச் சிற்பம் செம்பைன் மரத்தாலானது, அக்காலத்து ஜப்பானிய மரச் சிற்பங்கள் பெரும்பாலும் கற்பூர மரத்தாலானவை என்ற செய்தியை மட்டும் கொடுத்துவிட்டு, அது எங்கே செய்யப்பட்டிருக்கலாம் என்று வாதிடச் சொல்லுங்கள். அறிஞர்களிடமே முடிவு ஒன்றாக இல்லாத வினா என்பதால், மாணவருக்கு மனப்பாடம் கைகொடுக்காது.

போலிகளைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். பத்தாம் நூற்றாண்டு ஓவியர் தோங் யுவானின் பெயரால் வழங்கும் ‘ஆற்றங்கரை’ ஓவியம் 1997இல் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது, பிரின்ஸ்டனில் சீனக் கலைக்கான முனைவர் பட்டத் திட்டத்தைத் தொடங்கியவரும் அந்த அருங்காட்சியகத்தின் ஆசியப் பிரிவை வளர்த்தவருமான வென் ஃபோங் அதைப் பழைய பெரும்படைப்பு என்றார். பெர்க்லியில் கற்பித்த ஜேம்ஸ் கேஹில், அது இருபதாம் நூற்றாண்டு ஓவியர் ஜாங் தாச்சியானின் கைவேலை என்றார். ஜாங் தாச்சியான் 1940களில் துன்ஹுவாங்கில் தங்கிச் சுவரோவியங்களைப் படியெடுத்தவர். பழைய பாணிகளைப் பின்பற்றுவதில் அவருக்கு நிகரில்லை என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டது. 1999இல் அந்த அருங்காட்சியகமே இதற்காக ஒரு கருத்தரங்கு நடத்தியது. ஒரே ஓவியத்தைப் பார்த்த இரு பெரும் கண்களுக்கிடையே ஆயிர ஆண்டு இடைவெளி இருந்தது. மாணவர்கள் இதைக் கேட்டதும் பாணி ஆய்வே வீண் என்ற முடிவுக்குத் தாவுவார்கள். அப்போது லோரின் வெண்கல வரிசையை நினைவூட்டி, அங்கே மண்ணுக்கடியிலிருந்து வந்த சான்று இங்கே ஏன் வர முடியாது என்று கேளுங்கள். வணிகர், சேகரிப்பாளர், படியெடுப்பவர் எனக் கைமாறிக்கொண்டே வந்த பட்டு ஓவியத்துக்கு அகழாய்வு அடுக்கு கிடையாது.

கேஹில் ஓய்வு பெற்ற பிறகு சீன ஓவிய வரலாற்றைப் பற்றித் தாம் பேசிய நீண்ட காணொளி விரிவுரைகளை இலவசமாக இணையத்தில் விட்டுச் சென்றிருக்கிறார். பருவம் தொடங்குமுன் சோங் கால நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றிய பகுதிகளையாவது பார்த்துவிடுங்கள். நிகென்ஷா படிகள் உங்கள் நூலகத்தில் இல்லையென்றால் இங்கேயே எழுதுங்கள். என்னிடம் குவோ சியின் மூல அளவுப் படி ஒன்று சுருட்டியபடி இருக்கிறது, அஞ்சல் செலவை ஏற்றுக்கொண்டு அனுப்பி வைக்கிறேன்.